நீல டயமண்ட் பின்னாடியே: வெர்மான்ட் காட்டுல ஒரு ஸ்கீ டைரி

வெள்ளி ராத்திரி, ராச்செஸ்டர்

நாளைக்குக் காலையில ஆரம்பிக்கிறோம், அதுக்கு முன்னாடி எங்க போறோம் எதுக்குப் போறோம்னு சொல்லிடறேன். ஸ்கீ ட்ரிப்னு சொன்னதும் பாதிப் பேரு லிஃப்ட்ல ஏறி உச்சியில இருந்து சர்ர்னு இறங்குறதைத்தான் நினைச்சுக்கறாங்க. நாங்க போறது க்ராஸ் கன்ட்ரி. லிஃப்ட் கிடையாது, பூட்ஸோட முன்பக்கம் மட்டும் பைண்டிங்ல மாட்டியிருக்கும், குதிகால் ஃப்ரீயா மேல எழும்பும், ஏத்தம் வந்தாலும் இறக்கம் வந்தாலும் எல்லாம் நம்ம காலு நம்ம மூச்சுதான்.

வழி கேட்டமவுன்ட் ட்ரெயில். அமெரிக்காவோட வடகிழக்குல இருக்கிற வெர்மான்ட் மாநிலத்தோட தெற்கு எல்லையில ரீட்ஸ்பரோ பக்கம் ஆரம்பிச்சு வடக்கே கனடா எல்லையில நார்த் ட்ராய் வரைக்கும் சுமார் 300 மைல், அதாவது 480 கிலோமீட்டர், மாநிலத்தையே நெடுக்கா கிழிச்சுக்கிட்டு போற ஸ்கீ பாதை. 1984ல ஸ்டீவ் புஷி, பால் ஜாரிஸ், பென் ரோஸ்னு மூணு பசங்க பழைய மரவெட்டி ரோடு, காட்டு ரோடு, அங்கங்க இருந்த ஸ்கீ சென்டர் பாதைன்னு எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு கோர்த்து கீழ இருந்து மேல வரைக்கும் ஸ்கீயிலயே போய்ப் பார்த்தாங்க, அதுல இருந்து பிறந்ததுதான் இது. இப்ப 31 செக்‌ஷனா பிரிச்சிருக்காங்க. ட்ரெயில் சீஃப்னு வாலண்டியர்ங்க இருக்காங்க, ஆளுக்குக் கொஞ்ச தூரம்னு பொறுப்பு எடுத்துக்கறாங்க, சம்பளம் கிடையாது.

முழுசும் போற உத்தேசம்லாம் இல்ல. நானும் என் பெரியம்மா பொண்ணும் பிடிச்ச துண்டுகளா பொறுக்கி எடுத்து தெற்குல இருந்து வடக்கா போறோம். அக்கா இங்கயே வருஷக்கணக்கா இருக்கா, இந்த ட்ரெயில்ல ஒரு துண்டுக்கு வேலை பார்க்கப் போற கோஷ்டியில அவளும் உண்டு. அதனால எனக்கு கைடு ஓசி.

நேத்து வரைக்கும் பனி கொட்டியிருக்கு. ஸ்கீ அடியில மெழுகு தடவி முடிச்சாச்சு. தூங்கறேன்.

சனி, சிட்டன்டன் ப்ரூக் குடில்

73ம் நம்பர் ரோட்டுல காரை விட்டுட்டு உள்ள ஏறினோம். வெயில் காலத்துல கார் போற காட்டு ரோடுதான், குளிர்காலத்துல யாரும் பனி அள்ள மாட்டாங்க, அதுதான் ஸ்கீக்கு ராஜபாட்டை. முதுகுல ரெண்டு நாள் சாமான், ஏத்தம் மெதுவா ஏறிக்கிட்டே இருக்கு, அக்கா பேசிக்கிட்டே போறா, எனக்கு பதில் சொல்ல மூச்சு இல்ல.

எங்க ஸ்கீ ரெண்டும் அடியில செதில் வெட்டின மாடல். நடுவுல காலுக்குக் கீழ இருக்கிற இடம் லேசா மேல வளைஞ்சிருக்கும், ஒரு கால்ல முழு வெயிட்டையும் போட்டு அழுத்தினாத்தான் அந்தச் செதில் பனியைப் பிடிக்கும், அப்ப உதைச்சு அடுத்த கால்ல வழுக்கணும், ரெண்டு கால்லயும் சமமா வெயிட் போட்டு நடந்தா அது பிடிக்காது, உதைக்கற காலு பின்னாடி வழுக்கும். புதுசா வர்றவங்க தடுமாறுறது இங்கதான். பயத்துல ரெண்டு கால்லயும் நின்னுக்கறது, அப்புறம் கையாலயே போலை, அதான் ஸ்கீ குச்சியை, ஊணி ஊணி தோள்பட்டை போயிடும். ஒத்தக் கால்ல நிக்கற தைரியம் வந்துட்டா மத்ததெல்லாம் தானா வரும். ரொம்ப செங்குத்தா போச்சுன்னா செதிலும் கைவிட்டுடும், அப்ப ஸ்கீ முனையை வெளிய விரிச்சு வச்சு உள்விளிம்பை பனியில கடிக்கவிட்டு ஏறணும், திரும்பிப் பார்த்தா பின்னாடி மீன்முள்ளு கோலம் போட்டிருக்கும்.

கேட்டமவுன்ட் போர்டைப் பக்கத்துல இப்பதான் பார்த்தேன். உள்ளங்கை அளவு நீல பிளாஸ்டிக் டயமண்ட், அதுல பூனைப் பாதம். பூனைன்னா மலைச்சிங்கம், கேட்டமவுன்ட்னு அதைத்தான் சொல்லுவாங்க. கடைசியா வெர்மான்ட்ல ஒண்ணைச் சுட்டது 1881ல, பார்னார்டுங்கற ஊர்ல, பாடம் பண்ணி மான்ட்பீலியர் மியூசியத்துல நிக்க வச்சிருக்காங்க. இப்ப காட்டுல பாதம் மட்டும் மரத்துக்கு மரம் இருக்கு.

அக்கா ஒரு மரத்துக்கிட்ட நிறுத்தி ஆணியைப் பாருடின்னா. ஆணி முழுசா உள்ள போகல, தலை கொஞ்சம் வெளிய துருத்திக்கிட்டு இருக்கு. அடிச்சவங்க சோம்பேறின்னு நினைச்சேன். மரம் வருஷா வருஷம் பருக்கும்ல, ஆணியை ஒட்ட அடிச்சா மரப்பட்டை போர்டை பின்னாடி இருந்து தள்ளி வளைச்சு உடைச்சிடும், அதனால பருக்க இடம் விட்டுத்தான் அடிக்கணுமாம். உயரத்தையும் பார்க்கச் சொன்னா. கோடையில வந்து பார்த்தா ஏன் இவ்ளோ மேலன்னு தோணுமாம், இப்ப என் கண்ணுக்கு நேரா இருக்கு, ஏன்னா நான் நிக்கறது தரையில இல்ல, மூணு நாலு அடி பனி மேல.

நடந்து போறவங்களோட லாங் ட்ரெயில் 1910ல இருந்து இருக்கு, அதோட அடையாளம் வெள்ளை பெயிண்ட். புயல்ல மரத்துல பனி அப்பிக்கிட்டா வெள்ளையில எங்க வெள்ளையைத் தேடறது? நீலத்தை எடுத்த புண்ணியவான் யாரோ.

குடில் நல்லா இருக்கு, பத்துப் பேர் படுக்கலாம், 2018ல கட்டினது. பனியை உருக்கித்தான் தண்ணி. பாத்திரத்துல முதல்ல கொஞ்சம் தண்ணி விட்டுட்டுத்தான் பனியைப் போடணும், வெறும் பனியைப் போட்டா அடி தீய்ஞ்சு தண்ணியே கருகல் வாடை அடிக்கும். விரல் மரத்துப் போகுது, மீதி நாளைக்கு.

ஞாயிறு, ப்ராண்டன் கேப்

இன்னைக்கு ட்ரெயிலை விட்டு கொஞ்சம் ஒதுங்கி மரங்களுக்கு நடுவுல இறங்கற இடத்துக்குப் போனோம். க்ளேட்னு சொல்லுவாங்க. காட்டுல சின்னச் செடிகொடி, கீழ்க்கிளை எல்லாத்தையும் கழிச்சு பெரிய மரத்தை அப்படியே விட்டு, ஆள் வளைஞ்சு வளைஞ்சு இறங்க இடம் பண்ணியிருப்பாங்க. ராஸ்டாங்கற உள்ளூர் ட்ரெயில் சங்கம் காட்டிலாகாகிட்ட முறையா அனுமதி வாங்கி 2016 வாக்குல பண்ணினது, வெட்டினது பூரா வாலண்டியருங்க.

முறையா அனுமதி வாங்கிங்கற வார்த்தையை அக்கா அழுத்திச் சொல்றா, காரணம் இருக்கு. இந்த ஊர்ல ஆளாளுக்கு ரகசியமா ரம்பத்தைத் தூக்கிட்டுப் போய் தனக்குப் பிடிச்ச சரிவை வெட்டி வச்சுக்கற பழக்கம் ரொம்ப காலமா இருந்திருக்கு. 2007ல வடக்கே பிக் ஜேங்கற மலையில ரெண்டு பேரு ஒரு பெரிய பட்டையா காட்டையே வழிச்சு எடுத்துட்டாங்க, கேஸ் ஆகி ஊரே திட்டுச்சு. அதுக்கப்புறம்தான் திருட்டுத்தனமா வெட்டறதை விட்டுட்டு சங்கம் வச்சு, ஃபாரஸ்டர், சூழல் ஆய்வுன்னு எல்லாம் பார்த்து, எந்த மரம் எந்த மாசம்னு கேட்டு வெட்டுவோம்ங்கற பேச்சு பலமாச்சு. அனுமதி ஒவ்வொண்ணுக்கும் வருஷக்கணக்குல ஆகுது, பொறுமை இல்லாதவங்க முணுமுணுக்கறாங்க, எனக்கு என்னமோ இதுதான் சரின்னு படுது. நாளைக்கு நிலம் யார் கைக்கு மாறினாலும் பேப்பர்ல இருக்கிற பாதையை மூடறது அவ்ளோ சுலபம் இல்ல.

தேசியக் காட்டு நிலத்துல வாலண்டியர் செயின்சா, அதான் மெஷின் ரம்பம், தொடணும்னா அதுக்கு ட்ரெயினிங் எடுத்து சர்ட்டிஃபிகேட் வாங்கணும். விழுந்து கிடக்கிற மரம் தானே, ஒரு இழு இழுத்தா ஆச்சுன்னு நினைப்போம், வளைஞ்சு இழுபட்டுக் கிடக்கிற தண்டுல தப்பான பக்கம் ரம்பத்தை வச்சா அது வில்லு மாதிரி விடுபட்டு ஆளையே அடிச்சுப் போடும்.

இறங்கறப்ப நான் ரெண்டு திருப்பம் நல்லா போட்டேன், மூணாவதுல ஒரு பீச் மரத்தைக் கட்டிப் பிடிச்சேன். எழுந்து பனியைத் தட்டிக்கிட்டு கிளம்பினா அக்கா விடல, குழியை மூடுன்னா. விழுந்து எழுந்த பள்ளத்தை அப்படியே விட்டுட்டுப் போனா அடுத்து வர்றவரோட ஸ்கீ முனை அதுலதான் போய்க் குத்தும். போலை வச்சு தட்டி நிரப்பி ஸ்கீயால மிதிச்சு சமன் பண்ணிட்டுத்தான் நகரணும். சொல்லித் தந்தாத்தானே தெரியும், எந்த போர்டுலயும் எழுதியிருக்காது.

பீச் மரத்துக்கு இலை உதிராது போல, செத்துக் காய்ஞ்ச இலையை குளிர்காலம் பூரா பிடிச்சு வச்சுக்கிட்டு காத்துக்குச் சலசலன்னுது.

திங்கள், கோஷன் வழியா ரிப்டன்

இன்னைக்கு நீளம். 73ம் நம்பர் ரோட்டுல இருந்து வடக்கால ப்ளூபெர்ரி ஹில் பக்கம் போய் அப்படியே ரிப்டன். ரெண்டு கார் இருந்தாத்தான் இது ஆகும், காலையில ஒரு காரை முடியற இடத்துல விட்டுட்டு இன்னொண்ணுல ஆரம்பிக்கற இடத்துக்கு வரணும், முடிச்சுட்டு திரும்ப முதல் காரை எடுக்கப் போகணும். ஒரே காரை வச்சுக்கிட்டு வர்றவங்க போன வழியே திரும்பறாங்க, அதுவும் மோசமில்ல, ஏறினப்ப தெரியாத காடு இறங்கறப்ப தெரியும்.

பனி மேல எழுத்து நிறைய. முயல் தடத்துல பெரிய பின்னங்கால் ரெண்டும் முன்னாடி விழுந்திருக்கு, சின்ன முன்னங்கால் பின்னாடி, தாவறப்ப பின்னங்காலைக் கொண்டுவந்து முன்னால ஊணுமாம். மூஸ்ங்கற பெரிய மான் ஒண்ணு எங்களுக்கு முன்னாடி ட்ரெயில்லயே ரொம்ப தூரம் நடந்திருக்கு, ஒவ்வொரு குளம்பும் முழங்கால் ஆழம், அது மேல ஸ்கீ போறது மேடும் பள்ளமுமா இடுப்பு ஒடியுது. மூஸைக் கோவிச்சுக்க முடியாது, அதோட காடு. ஆனா அதுக்கப்புறம் வெறும் ஷூ போட்ட மனுஷத் தடம் வந்துச்சு பாருங்க, ஸ்கீ போட்டு இறுக்கி வச்ச பாதை நடுவுலயே பொதக் பொதக்னு குழி, ராத்திரி அது உறைஞ்சு கல்லாயிடும், இறக்கத்துல அதுல ஸ்கீ சிக்கினா முட்டி போச்சு. நடக்கணும்னா ஸ்னோஷூ, அதான் பனியில புதையாம இருக்க காலடியில மாட்டற அகலத் தட்டு, போட்டுக்கிட்டு ஓரமா நடங்க சாமி.

ஓடை கடக்கற பாலம் ஒண்ணு. ரெண்டு மரத்தண்டைப் போட்டு மேல பலகை அடிச்சது, கைப்பிடி இல்ல. பனி அது மேல குவிஞ்சு குவிஞ்சு பலகை அகலத்தை விட மேல்பக்கம் குறுகலாயிடுது, ரெண்டு ஸ்கீயையும் ஒட்ட வச்சுக்கிட்டு போகணும், கீழ ஓடைத் தண்ணி கறுப்பா ஓடற சத்தம் கேக்குது. இதுல ஒண்ணு கவனிச்சேன், பாலத்துக்கு முன்னாடி இறக்கம் நேரா வந்து பாலத்துல முட்டல, கொஞ்சம் முன்னாடியே பாதை லேசா மேல ஏறி வளையுது, வேகம் தானா செத்துடுது. தற்செயல்னு நினைச்சேன். அக்கா சிரிச்சா. நடைபாதைக்கும் ஸ்கீ பாதைக்கும் வித்தியாசமே இதுதானாம், நடக்கறவன் எங்க வேணா நிப்பான், ஸ்கீல வர்றவன் நிக்க இடம் வேணும், அதை மண்ணு தெரியற காலத்துல நின்னு பார்த்து யோசிச்சு வளைச்சு வைக்கணும். இவங்க வேலையெல்லாம் செப்டம்பர் அக்டோபர்ல. மான் வேட்டை மும்முரமா ஆகறதுக்குள்ள முடிச்சுடணும், இல்லன்னா ஆரஞ்சு ஜாக்கெட் இல்லாம காட்டுக்குள்ள போகக்கூடாது.

அடிக்குச்சி வெட்டறதுலயும் விஷயம் இருக்கு. கணுக்கால் உயரத்துக்கு விட்டு வெட்டினா கோடையில கண்ணுக்குத் தெரியும், தாண்டிப் போயிடலாம். குளிர்காலத்துல அது பனிக்கு ஒரு விரக்கடை கீழ ஈட்டியா நிக்கும். அதனால மண்ணோட மண்ணா வெட்டணும், முட்டி போட்டு, மண்ணு பட்டு ரம்பப் பல்லு மழுங்கினாலும் பரவாயில்லைன்னு. மேல்கிளையை நின்ன ஆளு கைக்கு எட்டற அளவுக்கு வெட்டினா பத்தாது, பனி ஏறினதும் ஆளு நாலடி உசரமாயிடறான், கிளை பனி பாரத்துல நாலடி கீழ வந்துடுது, ரெண்டும் மூஞ்சியில சந்திச்சுக்கும்.

ரிப்டன் பக்கம் காலேஜ் நடத்தற ஸ்கீ சென்டர் பாதைக்குள்ள நுழைஞ்சதும் வேற உலகம். மெஷின் ஓட்டி சமன் பண்ணி, பக்கத்துல ரெண்டு வரி பள்ளம் போட்டு வச்சிருக்காங்க, ஸ்கீயை அதுல வச்சா போதும் தானா போகுது. இந்த மாதிரி சென்டர் வழியா போற இடத்துல அவங்க டிக்கெட்டை வாங்கிக்கணும், கேட்டமவுன்ட்ல வந்தேன்னு சொல்லி நைசா நழுவக்கூடாது. டீசலுக்கு யாரு காசு குடுக்கறது.

செவ்வாய், மழை

மழை. ஆமா, நடுக் குளிர்காலத்துல மழை. வெர்மான்ட்காரங்க முகத்துல இன்னைக்கு ஈ ஆடல.

வடக்கு நோக்கி காரை ஓட்டிக்கிட்டு வந்தோம், வழியில அக்காவுக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனோம். அவரு நிலத்துக்குள்ள ட்ரெயில் கொஞ்ச தூரம் போகுது. இந்த ட்ரெயில் அரசாங்கக் காட்டுல மட்டும் போகல, நெறைய தூரம் தனியார் நிலம், ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் உக்காந்து பேசி அனுமதி வாங்கினது, எழுத்துல சில பேரு, வாய்வார்த்தையில சில பேரு. நிலம் விக்கப்பட்டா புது ஓனர்கிட்ட மறுபடி முதல்ல இருந்து. ஒருத்தர் வேண்டாம்னுட்டா ட்ரெயிலை சுத்தி வளைச்சு வேற வழி வெட்டணும். மேப்ல ஒரே நீலக் கோடா தெரியறது நிஜத்துல ஒவ்வொரு ஓனரும் சொன்ன நூத்துக்கணக்கான ‘சரி’தான்.

எதுக்குங்க விட்டீங்கன்னு கேட்டேன். எங்கப்பா காலத்துல இருந்து வேட்டைக்கு வர்றவங்களை விட்டிருக்கோம், நீங்க துப்பாக்கி கூட கொண்டு வர்றதில்லை, உங்களை எதுக்குத் தடுக்கணும்னாரு. இந்த மாநிலத்தோட 1777 அரசியல் சட்டத்துலயே வேலி போடாத நிலத்துல வேட்டையாடலாம்னு உரிமை எழுதியிருக்காங்க, வேணாம்னு நினைக்கிற ஓனர்தான் போர்டு அடிச்சு, அதுல வருஷா வருஷம் தேதி போட்டு, ஊர் ஆபீஸ்ல பதியணும். அந்தப் பழக்கம் ஊறின மண்ணு. காசு வாங்காம விடற நிலத்துல யாராவது விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா ஓனர் மேல சுலபமா கேஸ் போட முடியாதபடி பாதுகாப்புச் சட்டமும் வச்சிருக்காங்க.

அவருக்கு ஒரு குறை இருந்துச்சு. போன வருஷம் யாரோ அவரு கேட்டை மறிச்சு காரை நிறுத்திட்டு நாள் பூரா ஸ்கீ போயிட்டாங்க, விறகு ஏத்தின ட்ராக்டர் வெளிய வர முடியல. அக்கா முகம் சுருங்கிப் போச்சு. யாரோ ஒரு ஆளு, ஒரு நாள் பார்க்கிங், அதுல ஒரு ட்ரெயிலே போயிருக்கலாம். நல்லவேளை இவரு கோவக்காரர் இல்ல. கிளம்பறப்ப பாலத்துல ஒரு பலகை ஆடுது, அக்டோபர்ல வர்றப்ப பாருங்கன்னு அவரே சொல்லி அனுப்பினாரு.

சாயங்காலம் வெப்பம் சடார்னு இறங்குது. நனைஞ்ச பனி ராத்திரிக்குள்ள கண்ணாடி. நாளைக்கு போல்டன் மலைத் துண்டு இருக்கு, வயித்தைக் கலக்குது.

புதன்

போகல. போல்டன் சரிவு பூரா ஐஸ், உலோக விளிம்பு வச்ச ஸ்கீ கூட கீச்சுங்குது. அக்கா மலையைப் பார்த்தா, வானத்தைப் பார்த்தா, போன்ல பார்த்தா, நாளைக்கு ராத்திரிக்குள்ள புதுப்பனின்னா. ரூம்ல தூக்கம்.

வியாழன்

இன்னும் கொட்டிக்கிட்டு இருக்கு! நாளைக்கு!

வெள்ளி, போல்டன் வேலியில இருந்து ட்ராப் வரைக்கும்

இந்த ட்ரெயில்லயே பேர் போன துண்டு இதுதான், ஏன்னு இப்பத் தெரியுது. போல்டன் வேலி ஸ்கீ சென்டர்ல ஆரம்பிச்சு மலைத்தோளைத் தாண்டி நெப்ராஸ்கா வேலிக்கு இறங்கி ஸ்டோவ்ங்கற ஊர்ல, சவுண்ட் ஆஃப் மியூசிக் படத்துல வர்ற ட்ராப் குடும்பத்தோட லாட்ஜ்ல முடியும். ஸ்கீயில ஒரு பகல் பூரா, கார்ல போனா வாட்டர்பரி வழியா சுத்திக்கிட்டு வரணும்.

ஏறற வழியில எட்வர்ட் ப்ரையன்ட் பத்தி சொல்லணும். அவரு ஒரு ஃபாரஸ்டர், 1920கள்ல இந்த மலையில ஆயிரக்கணக்கான ஏக்கரை வாங்கி லிஃப்ட் எல்லாம் வர்றதுக்கு முன்னாடியே ஸ்கீ பாதை வெட்டினவரு. அவரு குடில் இன்னும் இருக்கு. பின்னால நிலம் கை மாறி மாறி, ஒரு கட்டத்துல இந்தக் காட்டுப் பக்கத்தை விக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் இங்க ஸ்கீ போறவங்க கூடி, வெர்மான்ட் லேண்ட் ட்ரஸ்ட்டோட சேர்ந்து நன்கொடை திரட்டி, ஆயிரத்துச் சொச்சம் ஏக்கர் 2013ல மாநிலக் காட்டோட சேர்ந்துச்சு. அன்னைக்கு அவங்க சும்மா இருந்திருந்தா நாங்க இன்னைக்கு காலையில எங்கயோ பார்க்கிங்ல நின்னுக்கிட்டு இருந்திருப்போம்.

உச்சிக்குப் போகப் போக பீச், பிர்ச் எல்லாம் குறைஞ்சு ஸ்ப்ரூஸ், ஃபிர்னு ஊசியிலை மரங்க நெருக்கமாச்சு. ஐஸ் மேல ஒரு அடிக்கு மேல புதுப்பனி. நாங்கதான் முதல் ஆளு, தடம் போடணும். முன்னாடி போறவங்களுக்கு ரெண்டு மடங்கு வேலை, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஆள் மாத்திக்கிட்டோம். குட்டை ஸ்ப்ரூஸ் கிட்ட மட்டும் போகாதேன்னா அக்கா, கிளைக்கு அடியில பனி தங்காம உள்ள காலியா இருக்கும், மேல பார்க்கத் தரை, காலை வச்சா இடுப்பு வரைக்கும் உள்ள. ஸ்கீயோட மாட்டிக்கிட்டா கழட்டி வெளிய வர்றதுக்குள்ள நனைஞ்சிடுவோம், நனைஞ்சா அப்புறம் குளிரோட வேலை.

தோளைத் தாண்டினதும் இறக்கம். எழுத வரல மக்களே. புதுப்பனி முழங்கால்ல அலையா வந்து விலகுது, சத்தமே இல்ல, மரம் மரமா வழி திறந்துக்கிட்டே போகுது, ஒவ்வொரு தடவையும் எந்தப் பக்கம்னு சந்தேகம் வர்ற இடத்துல கரெக்டா ஒரு நீல டயமண்ட். நான் பாதி இறக்கத்துக்கு ஸ்கீ முனையைச் சேர்த்து வாலை விரிச்சு ப்ரேக் போட்டுக்கிட்டேதான் வந்தேன், அதுல ஒண்ணும் வெட்கம் இல்ல. அக்கா ஒரு காலை முன்னால விட்டு ஒரு முட்டியை மடக்கி டெலிமார்க் போட்டுக்கிட்டு அலட்டாம போனா. ஐம்பதைத் தாண்டினவ.

நெப்ராஸ்கா வேலிக்கு இறங்கி மறுபடி ஏறறதுதான் கொடுமை, முடிஞ்சுதுன்னு நினைக்கறப்ப ஏத்தம். ட்ராப் பாதைக்குள்ள நுழைஞ்சா மெஷின் போட்ட வரிப் பள்ளம், காலு தன்னால ஓடுது. 1968ல இங்க ஆரம்பிச்சதைத்தான் அமெரிக்காவோட முதல் கமர்ஷியல் க்ராஸ் கன்ட்ரி சென்டர்னு சொல்லுவாங்க. காட்டுக்குள்ள ஸ்லேட்டன் பாஸ்ச்சர்னு ஒரு மரக்குடில், உள்ள நெருப்பு, சூப். என் கையுறை ரெண்டும் அடுப்புக்குப் பக்கத்துல ஆவி விட்டுக்கிட்டு இருக்கறப்ப நான் மூணாவது கப்புல இருந்தேன்.

சனி, க்ராஃப்ட்ஸ்பரி பக்கம்

மலை முடிஞ்சு மேய்ச்சல் நிலமும் காடும் மாறி மாறி வருது. தொடை ரெண்டும் படி இறங்கவே ஒத்துழைக்கல, அதனால மெதுவா.

இங்க பயமே வேற, மேப்பிள் பைப். சர்க்கரை மேப்பிள் தோப்புல மரத்துக்கு மரம் நீல பச்சை பிளாஸ்டிக் ட்யூப் கட்டி, சிரப் காய்ச்சற மரச்சாறு சரிவுல தானா இறங்கி தொட்டிக்கு வர்ற மாதிரி வலை போட்டிருப்பாங்க. அமெரிக்காவுல வர்ற மேப்பிள் சிரப்ல ஏறக்குறைய பாதி இந்த ஒரு சின்ன மாநிலத்துல இருந்துதான். பனி ஏறினா அந்த ட்யூப் நெஞ்சு உயரத்துல, கழுத்து உயரத்துல நிக்குது. ட்ரெயில் குறுக்க போற இடத்துல தூக்கிக் கட்டி கலர் ரிப்பன் தொங்கவிட்டிருக்காங்க, ஆனா ட்ரெயிலை விட்டு விலகி தோப்புக்குள்ள இறங்கணும்னு யாரும் ஆசைப்படாதீங்க. கழுத்தும் போகும், விவசாயியோட வருஷ வருமானமும் போகும்.

கொஞ்ச தூரம் ஸ்னோமொபைல், அதான் பனி மேல ஓடற மோட்டார் வண்டி, அதோட பாதையில போகணும். அந்தப் பாதையும் வாலண்டியர் சங்கங்கதான் பார்த்துக்கறாங்க, வாஸ்ட்னு பேரு, 1967ல இருந்து. ஸ்கீக்காரங்க அவங்களை சத்தம் புகைன்னு இளக்காரமா பேசறதைக் கேட்டிருக்கேன், எனக்குப் பிடிக்கல, பாதி பாலம் அவங்க போட்டது. சத்தம் கேட்டா வலது ஓரமா ஒதுங்கி ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா நில்லுங்க, அவங்களும் வேகத்தைக் குறைச்சு கையாட்டிட்டுப் போறாங்க.

க்ராஃப்ட்ஸ்பரி சென்டர்ல ஒரு கூத்து பண்ணியிருக்காங்க. குளிர்காலத்துல பனியை மலையா குவிச்சு மேல மரச்சீவலைப் போர்த்தி 2018 கோடை முழுக்க வச்சிருந்து பார்த்தாங்க, யூனிவர்சிட்டி ஆராய்ச்சிக்காரங்களும் கூட இருந்து அளந்தாங்க, பாதிக்கு மேல கரையாம இருந்துச்சாம். சீசன் ஆரம்பத்துல இயற்கைப் பனி ஏமாத்தினா அதைப் பரப்பி ஓட்டலாம். சென்டருக்கு அது சரி. முந்நூறு மைல் காட்டு ட்ரெயிலுக்கு யாரு போர்வை போர்த்தறது, செவ்வாய்க்கிழமை மாதிரி மழை இன்னும் அடிக்கடி வந்தா இவங்க அக்டோபர்ல முட்டி போட்டு வெட்டினதெல்லாம் எதுக்கு? அக்காகிட்ட கேட்டேன். அதுக்காக வெட்டாம இருக்க முடியுமா, பனி வர்ற அன்னைக்கு வழி தயாரா இருக்கணும்லன்னா. எனக்கு அந்த பதில் முழுசா திருப்தி இல்ல.

ஞாயிறு, ஜே பாஸ்ல இருந்து வடக்கே

கடைசித் துண்டு. 242ம் நம்பர் ரோட்டுல இருந்து வடக்கால கனடா எல்லை. பிக் ஜே மலை பக்கத்துலயே, 2007 கதை நடந்த இடம். இங்க குளிர் வேற தினுசு, மூக்குமுடி உறையுது, போன் பேட்டரி ஜாக்கெட்டுக்குள்ள உடம்போட ஒட்டி வச்சாத்தான் உயிரோட இருக்கு.

நடுவுல ஒரு ஃபிர் மரம் வேரோட சாய்ஞ்சு ட்ரெயிலுக்குக் குறுக்க கிடந்துச்சு, சரியா ஒரு இறக்கம் முடிஞ்சு திரும்பற இடத்துல. வேகமா வர்றவங்க கடைசி நொடியிலதான் பார்ப்பாங்க. அக்கா பையில மடக்கு ரம்பம் இருந்துச்சு, மூஞ்சி உயரத்துல நீட்டிக்கிட்டு இருந்த காய்ஞ்ச சின்னக் கிளைங்களை மட்டும் எடுத்தா, தண்டைத் தொடல, அது இந்தத் துண்டோட சீஃப் பார்க்க வேண்டியதுன்னா. கையை அகட்டி தண்டோட குறுக்களவைப் பிடிச்சா, போல் மேல வச்சு கோடு பார்த்தா, மரம் எந்தப் பக்கம் இழுபட்டு நிக்குது, மண்ணோட பெயர்ந்து நிக்கற வேர்த்தட்டு ஆடுதான்னு ஸ்கீயால தட்டிப் பார்த்தா, போட்டோ எடுத்தா, மேப்ல புள்ளி வச்சா. நான் மேல ஏறிப் போய் இறக்கம் ஆரம்பிக்கற இடத்துல ரெண்டு கிளையைக் குறுக்கா நட்டு வச்சுட்டு வந்தேன், பார்த்தா யாரும் மெதுவா வருவாங்க.

எல்லையில ரெண்டு நாட்டுக்கும் நடுவுல காட்டை ஒரு இருபது அடி அகலத்துக்கு நேர்கோடா வெட்டி வச்சிருக்காங்க. போட்டோ எடுத்துக்கிட்டோம், கை மரத்துப் போறதுக்குள்ள கிளம்பிட்டோம்.

சிக்னல் வந்ததும் அக்கா போட்டோவை அந்தத் துண்டோட சீஃப்புக்கு அனுப்பினா. கார்ல ஸ்கீயைக் கட்டி முடிக்கறதுக்குள்ள பதில் வந்துடுச்சு, தண்டு எத்தனை இன்ச், ஸ்னோஷூவுல ரம்பத்தைத் தூக்கிட்டு வர எந்த ரோடு கிட்டக்க, ரெண்டு பேரு போதுமான்னு. பதினாலு இன்ச், தெற்கு ரோடு, மூணு பேரா வாங்க வேர்த்தட்டு கனமா இருக்குன்னு டைப் பண்ணிட்டு அக்கா வண்டியை எடுத்தா. இன்னொரு கார் இன்னும் அந்தப் பக்கம் நிக்குது, அதை எடுக்கப் போகணும்.